ஒல்லாந்தம்மாவின் பெண்வழி

நவம்பர் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல் நண்பகலில் நின்றதாயினும் வானம் வெளுக்கவில்லை. ஈரக்காற்று வீசிய அப்பிற்பகலில், பல்செட் செய்யும் கூடத்தில் பணிபுரியும் பெண்ணொருத்தி, தன் குடும்பத்தார் எவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மிதித்திராத ஒரு திரைச்சீலைக் கடையின் வாசலில் வந்து நின்றாள். அவளது கைப்பையில் ஒரு சிறு அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு குழாய் இருந்தது. அக்குழாயில் கடைக்காரியின் எச்சில் விழ வேண்டும். அதற்காகவே அவள் வந்திருந்தாள்.

கப்பல் வணிகக் கம்பெனியின் கிடங்கு அதிகாரிக்கு மனைவியாக ஒல்லாந்திலிருந்து வந்து, கணவன் மறைந்த பின்னும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட ஒருத்தியே இக்குடும்பத்தின் மூதாய். அவளுடைய பெயரை வீட்டார் தொலைத்துவிட்டனர். ‘ஒல்லாந்தம்மா’ என்னும் பட்டம் மட்டும் எஞ்சியது. அவள் பெற்ற பிள்ளைகளுக்கோ கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஒருவன் தீவுகளுக்கிடையே கப்பலோட்டினான். ஒருத்தி தொலைதூரத் துறைமுகமொன்றில் வாழ்க்கைப்பட்டாள். பேரன்மார் தேயிலைக்கும் ரப்பருக்கும் பின்னால் போயினர். இன்று அக்குடும்பம் ஆறு நாடுகளில் சிதறிக் கிடந்து, கைப்பேசிக் குழுவில் காலை வணக்கம் மட்டும் பரிமாறிக்கொள்கிறது.

ஒல்லாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் முன்னோரான மூன்று சகோதரியரின் வம்சத்தைப் புத்தகமாகத் தொகுத்துவந்தார். அவர் மூத்தவளின் மகள்வழியில் வந்தவர். கப்பலேறிப் போன நடுமகளே ஒல்லாந்தம்மா என்று ஆறு ஆண்டாகத் தேடிக் கண்டிருந்த பல்செட் கூடத்துப் பெண்ணுக்கு, அவள் பெயருக்குக் கீழே ‘சந்ததி இல்லை’ என்று அச்சிடப் போவதை அறிந்த நாள் முதல் உறக்கம் கொள்ளவில்லை. “நாங்கள் இருக்கிறோம்” என்று எழுதினாள். இருந்தால் மட்டும் போதாது, எச்சிலில் செய்யும் மரபணுப் பரிசோதனையில் பொருந்த வேண்டும் என்று ஆசிரியை மறுமொழி அனுப்பினார்.

அங்கேதான் குடும்பம் தன் குணத்தைக் காட்டியது. “மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், வேற யாரைக் கேக்கப் போறே?” என்று பெரியப்பா முந்திக்கொண்டார். அவரைக் கேட்டுவிட்டுச் சித்தப்பாவை விடலாமா? சித்தப்பாவைக் கேட்டுவிட்டு, வீட்டின் ஆண்வாரிசான அண்ணனை விடலாமா? மூவரும் வயது வரிசை தவறாமல் துப்பினர். “துப்பு துலக்கறேன்னு கிளம்பினவ, குடும்பத்தையே துப்ப வெச்சுட்டா” என்று குழுவில் ஓர் அத்தான் எழுதினார். மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை. ஒப்பிடப்படும் மரபணுக் கூறு தாயிடமிருந்து மட்டுமே வரும், மகனோடு நின்றுவிடும், மகளுக்கு மகளாகத் தொடர்ந்து வந்தவரே வேண்டும் என்று ஆசிரியை பொறுமையாக விளக்கினார்.

இவர்கள் கிளையில் அப்பெண்வழி தாத்தாவோடு அறுந்திருந்தது. தாத்தாவின் தங்கையிடம் அது தொடர்ந்தது. அத்தங்கையின் ஒரே மகள்தான் திரைச்சீலைக் கடைக்காரி. அவர் இவளுடைய அப்பாவுக்கு முறைப்பெண். பேசி முடித்த பின் அப்பா வேறொருத்தியை மணந்துகொண்டார். கடைக்காரி அதன்பின் மணம் செய்துகொள்ளவே இல்லை. அப்பா இறந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. முறைப்படி அவரைப் பெரியம்மா என்றே அழைக்க வேண்டும்.

“பெரியம்மா...”

தையல் இயந்திரத்திலிருந்து அவர் தலையை உயர்த்தவில்லை. “ஜன்னலுக்கா, கதவுக்கா?”

“நான் உங்க மாமா பையனோட பொண்ணு.”

“மூக்கைப் பாத்தாலே தெரியுது. ஜன்னலுக்கா, கதவுக்கானு கேட்டேன்.”

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பெரியம்மா மடிப்பு பிடித்துக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்குப் பொண்ணு வேண்டாம்னு போனீங்க. இன்னிக்கு எச்சில் மட்டும் வேணுமா?”

“அப்பா செஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அப்போ நான் பொறக்கவே இல்லையே.”

“அதையேதான் நானும் சொல்றேன். உங்கப்பன் என்னைக் கட்டியிருந்தா நீ இந்தக் குழாயைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்டி. உன் வாயிலயே இருந்திருக்கும்.”

நாள் முழுதும் பிறர் வாய்க்குப் பல் வார்ப்பவள், பெட்டியைத் திறந்து குழாயை அவர் முன் நீட்டினாள்.

“சரி, கொடு. என்ன பண்ணணும்?”

“அரை மணி நேரம் வாயில எதுவும் படக்கூடாது பெரியம்மா.”

காத்திருப்பு தொடங்கியது. கால்மணி கழிவதற்குள் பெரியம்மா தையல் முடிந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நூல்! பெரியம்மா, நூல்!”

“பழக்கம். என்ன செய்ய?”

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். அடுத்த முறை, பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய தேநீரை அவர் ஆற அமர உறிஞ்சினார். சாண் ஏற முழம் சறுக்கிற்று. இரண்டு கடை தள்ளியிருந்த கூரியரில் இவ்வாரத்தின் வெளிநாட்டுப் பை ஆறரைக்குக் கட்டப்படும்; அதைத் தவறவிட்டால் புத்தகம் அச்சேறிவிடும்.

“வேணும்னே பண்றீங்க.”

“பின்னே? நான் காத்திருந்ததுல நீ அரைக்கால்வாசி காத்திருக்கலை.”

மூன்றாம் முறை அவர் இயந்திரத்தை நிறுத்தி, வாயை இறுக மூடி, சிலைபோல் அமர்ந்தார். அரை மணி கழிந்ததும் குழாயைக் கோடு வரை நிரப்பி மூடினார். அவள் பெட்டியின்மேல் தன் முகவரியை எழுதப் பேனாவைத் திறந்தாள். பெரியம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“எச்சில் யாருது?”

“உங்களுது.”

“அப்போ பேரும் என்னுது. பதிலும் எனக்கே வரட்டும்” என்று தம் பெயரையும் கடை முகவரியையும் எழுதினார்.

“ஆறு வருஷமா தேடினது நான் பெரியம்மா! டீச்சருக்கு எழுதினது நான்!”

“இல்லேங்கலையே. நல்லாத்தான் தேடினே. இனிமே அந்தம்மா என்கிட்ட எழுதட்டும். புத்தகத்துல யாரைச் சேக்கணும்னு நான் சொல்லிக்கறேன். உங்க பேரும் வேணும்னா, துப்பின மூணு ஆம்பளைங்களும் இந்த வாசல்ல வந்து நின்னு கேக்கட்டும்.”

அவள் தெருவுக்கு வந்து பெரியப்பாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“அவ வாசல்லயா? நானா? நாம இல்லேன்னே அச்சடிச்சுக்கட்டும், போ!” என்று அவர் துண்டித்தார்.

பெட்டியை அனுப்பாவிட்டால் ஒல்லாந்தம்மா மலடியாக அச்சேறுவாள். அனுப்பினால் அவளுக்கு ஒரு சந்ததி உண்டாகும். ஆனால் அச்சந்ததியில் இவள் இருக்கமாட்டாள். ஆறு ஆண்டு உழைப்பும் மூன்று ஆண்களின் வீம்பும் ஒரு பெண்ணின் ஆறாத மனமும் சேர்ந்து தன் கையில் இத்தனை சிறிய பெட்டியாகக் கனப்பதை எண்ணியபோது அவளுக்கு அழவும் வரவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. கூரியர்க் கடைக்குள் நுழைந்து பெட்டியை மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

“அனுப்புறது நீங்களாம்மா?”

“இல்லை. மேல எழுதியிருக்கு பாருங்க. நான் சும்மா தூக்கிட்டு வந்தவ.”

கூரியர்க்காரர் பெட்டியைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினார். அப்போது மாலை ஆறு மணி இருபத்தேழு நிமிடம்.