ரெண்டு கட்டை

ஆண்கள் இரண்டு பேரோடு சைக்கிள் ஓட்டப் போகக்கூடாது. ஒருவர் என்றால் சமாளித்துவிடலாம். இரண்டு பேர் சேர்ந்தால் சக்கரத்தைவிட வாய்தான் அதிகம் ஓடும்.

ஒருவன் என் தம்பி கன்னையா. பூச்சோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். அதனால் உருளுகிற எதைப் பற்றியும் தன்னைக் கேட்டுத்தான் பேச வேண்டும் என்று நினைப்பு. இன்னொருவர் நாச்சியப்பன். பங்சாரில் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர். சேற்றுக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வரும் மனிதர். சைக்கிள் கைப்பிடியில் தூரம் காட்டும் மீட்டர் ஒன்று மாட்டியிருப்பார். கண் பாதையில் இருக்காது, மீட்டரில் இருக்கும்.

இது நடந்தது தொண்ணூற்றைந்தில். தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. நானும் சேர்த்து வைத்து ஒன்று வாங்கினேன். பூச்சோங் மலைக்காட்டில் ஒரு தடம் இருந்தது. ஈயம் தோண்டிய பழைய குட்டைகளின் கரையில் இன்னொன்று. கிள்ளான் போகும் வழியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஓட்டியாயிற்று. ஒன்று முடிந்ததும் சைக்கிளை என் வீட்டுக்காரர் மாணிக்கத்தின் லோரியில் ஏற்றி அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் சோறும் அடுத்த வீட்டில் குழம்பும் சாப்பிடுகிற மாதிரி எரிச்சல் வரும். மூன்றையும் ஒன்றாகக் கோத்து, பூச்சோங்கில் ஏறினால் பண்டமாரானில்தான் இறங்குவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

காட்டிலிருந்து குட்டைக்குப் போக வழி கிடைத்துவிட்டது. நடுவில் இருக்கும் பெரிய ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயில் குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டே போய்விடலாம். குட்டைக்கும் செம்பனைக்கும் நடுவில்தான் தகராறு. அங்கே ஒரு பெரிய வாய்க்கால். எங்கே கடப்பது என்று தெரியவில்லை.

தெரிந்த ஒரே ஆள் பண்டமாரானில் இருக்கும் என் நாத்தனார் வீரம்மா அண்ணி, மாணிக்கத்தின் அக்கா. அந்தத் தோட்டத்தில்தான் பிறந்து, பழம் பொறுக்கி வளர்ந்தவர். வெளியே வந்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. என் சைக்கிளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அந்தத் தோட்டத்த விட்டு வெளிய வரதுக்குள்ள எங்களுக்கு உயிரே போயிருச்சு. நீ காசு குடுத்து சைக்கிள் வாங்கி திரும்ப உள்ள போறே. ஒனக்கு என்ன கேடு, புஷ்பா?" என்பார்.

எனக்குக் கோபம் வரும். நானும் ஏதாவது திருப்பிச் சொல்லுவேன். கடைசியில் அது பந்தயத்தில் போய் நின்றது. பண்டமாரானில் அண்ணி சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தது. மதியம் விருந்து.

"தார் ரோட்டுல டயர் படாம, மொதப் பந்திக்குள்ள வந்து சேரு. அப்புறம் நான் வாயத் தொறக்கல. வரலன்னா சைக்கிள வித்துரு" என்றார்.

வீறாப்பில் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து சைக்கிளைத் துடைத்து வைத்தேன். வாரம் முழுக்க ஆபீசு, அடுப்படி. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். விற்க வேண்டி வந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

வெட்கத்தை விட்டு அவருக்கே போன் போட்டு வழி கேட்டேன். "பம்பு வீடு வரைக்கும் வா. அப்புறம் ரெண்டு கட்டை. கடந்தா எங்க தோட்டம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எங்கள் நாட்டில் மைலுக்குக் கட்டை என்று பெயர். நாலாங் கட்டை, ஆறாங் கட்டை என்றுதான் இடங்களைச் சொல்லுவோம். ஆகவே குட்டைத் தண்ணீர் இறைக்கும் பம்பு வீட்டிலிருந்து இரண்டு மைல். நாச்சியப்பன் அதைக் கிலோமீட்டராக்கி மனப்பாடம் செய்துகொண்டார்.

ஞாயிறு காலை மாணிக்கம் எங்களைப் பூச்சோங்கில் இறக்கிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "மெதுவா போ லா" என்றார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், பாவம் என்று விட்டுவிட்டேன்.

காடு நன்றாகத்தான் போனது. குட்டைக் கரையும் போனது. பம்பு வீட்டுக்கு வந்தபோது வெயில்கூட ஏறவில்லை. அங்கே வாய்க்கால் மேல் இரண்டு மரக்கட்டைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று கறுத்துப்போன பழைய கட்டை. மற்றது பெயிண்ட் அடித்த புதியது. நாச்சியப்பன் புதியதிலும் நாங்கள் இருவர் பழையதிலும் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைத் தின்றோம்.

"அக்கா, இதுலயே கடந்துருவோமா?" என்றான் கன்னையா.

நாச்சியப்பன் விடவில்லை. "சொன்னது ரெண்டு மைல். இப்பவே கடந்தா வேற பிளாக்ல போய் மாட்டிக்குவோம். எல்லாம் செம்பனை, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. அந்த எரிச்சல் இன்றுவரை போகவில்லை.

இரண்டு மைல் போனோம். பாதி தூரம் இடுப்பளவு லாலான் புல், மீதி சேறு. முடிவில் முள்வேலியும் பூட்டிய கேட்டும் எங்களை விரும்பாத ஒரு நாயும் இருந்தன. வாய்க்காலோ அங்கே இன்னும் அகலமாகியிருந்தது.

மீட்டர் பொய் சொல்கிறது என்றான் கன்னையா. கன்னையாவின் டயரில் காற்று குறைவு என்றார் நாச்சியப்பன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றேன். "அண்ணி வேணும்னே தப்பா சொல்லிட்டாங்க. என்னைத் தோக்கடிக்கத்தான்."

திரும்பி வரும்போது எனக்கு அழுகை முட்டியது. பம்பு வீடு வந்தது. முன்னால் போன கன்னையா இறங்கி நின்றான். நாங்கள் தின்றுவிட்டு வந்த இடத்தையே பார்த்தான்.

"அக்கா, ரெண்டு கட்டை" என்றான்.

ஒரு கட்டையில் நாங்கள் நடந்தோம், பக்கத்துக் கட்டையில் சைக்கிளை உருட்டினோம். ஒரு சொட்டு நனையாமல் அக்கரை போய்விட்டோம்.

செம்பனைக்குள் மூச்சு விடாமல் மிதித்தும் பண்டமாரான் வந்தபோது முதல் பந்தி எழுந்துவிட்டது. இலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வீரம்மா அண்ணி பட்டுப் புடவையோடு வாசலில் நின்றார்.

"கை கழுவியாச்சு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு கட்டைன்னா மைலுன்னுதானே நெனப்போம்? தெளிவா சொல்லக்கூடாதா அண்ணி?"

"ரெண்டு கட்டை கெடந்துச்சா இல்லியா?"

"கெடந்துச்சு."

"அப்புறம் என்ன?"

நாச்சியப்பன் பக்கத்துக் குழாயில் கால் கழுவக் குனிந்தார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க நீலப் பெயிண்ட். பந்தி பரிமாறுகிறவர்கள்கூட சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார். நான் நிமிர்ந்தேன். வாசலில் புதிதாகப் போட்ட தகரக் கூரையை நீலப் பெயிண்ட் அடித்த மரத் தூண்கள் தாங்கிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் மட்டும் தூண் இல்லை. துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று நின்றது.

மாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து லோரி எங்க போச்சு?" என்றேன்.

"அக்காதான் கூப்பிட்டுச்சு" என்றார்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ரெண்டுன்னு ஒங்கிட்ட சொல்லிட்டேன். போய்ப் பாத்தா ஒண்ணுதான் கெடக்குது. நாங்க பழ மூட்டையத் தலையில வச்சுகிட்டு ஒத்தக் கட்டையில நடந்துருவோம். நீ சைக்கிள வச்சுகிட்டு எப்பிடிக் கடப்பே?"

அந்தத் தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றிருந்தவர், தன் புது வீட்டுத் தூணைப் பிடுங்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"ஆனா தோத்தது தோத்ததுதான்" என்றார் அண்ணி. "வித்துரு."

"சரி அண்ணி."

"விக்கிறதுக்கு முன்னாடி என் கட்டையக் கொண்டாந்து குடு. கூர சாயுது."

"லோரிய எடுத்துட்டுப் போயி இன்னைக்கே..." என்று ஆரம்பித்தார் மாணிக்கம்.

"ஒன்ன யாரு கேட்டா? வழி கண்டுபுடிச்சவ அவ. சைக்கிள்லயே போயி எடுத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அண்ணி இரண்டாம் பந்தியில் எனக்கு இலை போட்டார்.

அடுத்த ஞாயிறு போனேன். காடு, குட்டை, செம்பனை என்று ஒரே ஓட்டம். நீலக் கட்டையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து பண்டமாரானுக்கு வந்து, எடுத்துவர மறந்துவிட்டேன் அண்ணி என்றேன். மறதி பிடித்தவள் என்று திட்டிக்கொண்டே சோறு போட்டார். அதற்கடுத்த ஞாயிறும் மறந்துவிட்டேன். கூரையின் அந்த மூலையை இன்றைக்கும் துருப்பிடித்த குழாய்தான் தாங்குகிறது.