ஒன்பதாவது கூற்று

சரியாக நாற்பத்தைந்து நிமிடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். முனைவர் பட்டத்துக்கு வந்து நிற்பவரை அங்கி போட்ட பேராசிரியர்கள் கேள்வி கேட்டுக் குடைந்து எடுப்பார்கள். நேரம் முடிந்ததும் கட்டியக்காரியான நான் வெள்ளிப்பூண் தடியோடு உள்ளே நுழைந்து, அதன் மணிகள் குலுங்கத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்பேன். லத்தீனில் நேரமாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடலாம். மீதியை யாரும் கேட்க முடியாது. என் தடிச் சத்தத்தில் உயிர் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பத்தொன்பது வருடத்தில் ஒரு நிமிடம் பிசகியதில்லை. அந்த வியாழக்கிழமை பிசகினேன்.

அன்று நின்றவள் சித்ஸ்கே, இயற்பியல் பேராசிரியர் ரெய்ந்தர் போஸ்துமாவின் கடைசி மாணவி. போஸ்துமாவின் ஆய்வுக்குழுவில் ஒரு காலத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். வானிலை, வங்கி, மருத்துவக் கருவி என்று வேறு வேலைகளுக்கு ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கதவுகளில் பெயர்ப்பலகை கழற்றிய திருகுத் துளைகள்தான் மிச்சம். மதியம் பன்னிரண்டரைக்கு மனிதர் ரொட்டிப் பொட்டலத்தோடு என் அறைக்கு வந்துவிடுவார். என் வீட்டிலும் ஆள் கிடையாது, என் கணவர் ஹென்க் போய் ஆறு வருடமாகிறது. இரண்டு தனிக்கட்டைகளுக்கு ஒரு கெட்டில் காபி போதுமாக இருந்தது.

முப்பத்தோரு வருடமாக அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். நாம் பார்க்கும் திசைகள் போக இன்னும் ஆறு திசை கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டு கிடக்கிறது என்றார்.

"எங்க கிடக்கு?"

"எல்லா எடத்துலயும்தான். உங்க காபி கப்புலகூட."

"தினம் நான்தான் கழுவுறேன். ஒரு நாளும் கண்ணுல படலியே, புரொபசரே."

"படாது, நேரக்காரம்மா. எந்தக் கருவியிலயும் படாது. ஆனா கணக்கு அவ்வளவு அழகா வருது." சொல்லும்போது முகம் மலர்ந்தது. பிறகு ரொட்டியைப் பார்த்துக்கொண்டு, "இது அறிவியலே இல்ல, வெறும் கதைன்னு இப்பல்லாம் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க" என்றார். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

ஆய்வேட்டோடு தனித் தாளில், தன் சொந்தக் கருத்தாக நின்று வாதாட வேண்டிய பத்துக் கூற்றுகளை மாணவர் எழுதி வைப்பது எங்கள் பல்கலைக்கழக வழக்கம். பத்தாவது வேடிக்கைக்கு. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்காதவன் பேச்சை நம்பாதே என்று சித்ஸ்கே எழுதியிருந்தாள். ஒன்பதாவதில்தான் வினை: "ஒரு மனித ஆயுளுக்குள் சோதித்துப் பார்க்க வழி சொல்லாத கோட்பாட்டை இயற்பியல் என்று அழைக்கக் கூடாது." நாலு வருடம் அவரிடம் அந்தக் கோட்பாட்டையே படித்துவிட்டு எழுதியிருக்கிறாள்! கூற்றுகளுக்கு வழிகாட்டியின் ஒப்புதல் வேண்டும். வேண்டாம் என்று அடித்திருக்கலாம். மனிதர் கையெழுத்துப் போட்டுத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு கோபம்.

நாற்பத்து மூன்றாவது நிமிடம் நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேள்வி கேட்க வந்திருந்த லின்ட்விஸ்ட் என்ற ஸ்வீடன்காரர், சோதனைக்கூடத்திலேயே தலை நரைத்தவர், அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"ஒன்பதாவதப் படிச்சேன். ரொம்ப சரி. அப்போ நேராவே கேக்குறேன்மா. உங்க புரொபசர் இத்தன வருஷம் செஞ்சது அறிவியலா, இல்லையா?"

அரங்கில் யாரோ சிரித்தார்கள். போஸ்துமாவின் காது சிவந்தது. சித்ஸ்கே அவரைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு நிமிர்ந்து, "அவர் செஞ்சத நான் பக்கத்துல இருந்து பார்த்தவ. அதனால சொல்றேன்—" என்று ஆரம்பித்தாள். நாற்பத்து நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. பாவி மனுஷனை எட்டுப் பேராசிரியர்கள் நடுவில் உட்கார வைத்து அறுக்கிறார்களே என்று கதவைத் தள்ளித் தடியைத் தட்டினேன்.

"ஹோரா எஸ்ட்!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பட்டம் கொடுத்தார்கள், போஸ்துமா அவளை மனதாரப் பாராட்டிப் பேசினார், எல்லோரும் பக்கத்துக் கூடத்துக்கு மது அருந்தப் போனார்கள். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போஸ்துமா திரும்பி வந்தார். தொப்பி அவர் கையிலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க, நேரக்காரம்மா."

எனக்கு முகம் சுட்டது. "உங்களுக்காகத்தான்..."

"தெரியும்." முன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனா அவ பதிலக் கேக்கத்தான் நான் கையெழுத்தே போட்டேன்."

கையில் இருந்த குவளையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அவ பக்கத்துலதானே நிக்கிறா? போய்க் கேளுங்களேன்."

"இப்ப கேட்டா என் மூஞ்சியப் பார்த்து ஏதாவது நல்லதாச் சொல்லுவா. அவ நல்ல பொண்ணு. அங்க, அத்தன பேர் முன்னாடி நின்னுக்கிட்டுன்னா, அவளால பொய் சொல்லியிருக்க முடியாது."

அடுத்த கூடத்தில் கோப்பைகள் மோதும் சத்தமும் சித்ஸ்கேயின் சிரிப்பும் கேட்டன. அவள் திங்கட்கிழமையே வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறாள். என் நல்லெண்ணத்தில் தீ வைக்க. இனி அந்த ஒரு நிமிடத்தை எங்கே போய் வாங்குவேன்?

அவர் எழுந்து மெல்லப் படியேறி, சற்று முன் அவள் நின்ற மேடையில் நின்றார். அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க கேளுங்க" என்றார்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"அந்தக் கேள்வி தெரியுமில்ல? அது போதும்."

கேட்டேன். என் குரல் காலி அரங்கில் எனக்கே அந்நியமாக ஒலித்தது. இத்தனை வருடம் நீங்கள் செய்தது அறிவியலா, இல்லையா?

அவர் பதில் சொல்ல நிமிர்ந்து, பழக்கத்தில் கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த என் தடியைப் பார்த்தார். நான் குவளையை வைத்துவிட்டு, இனி தட்டப் போவதில்லை என்று தடியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மணிகள் கொஞ்ச நேரம் ஆடி அடங்கின. அவர் இன்னும் மேடை மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.