இரண்டாம் சம்மதம்

மெட்டில்டா தன் புருஷன் ரோச்சோடு பேசி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஆலந்தலையில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நேரத்துக்குச் சோறு வந்தது, குழம்பில் உப்பும் சரியாகவே இருந்தது. பேச்சு மட்டும் பக்கத்து வீட்டு கிளாடிஸ் வழியாகப் போய் வந்தது.

"கிளாடிஸ், கஞ்சி ஆறுதுன்னு அவர்ட்ட சொல்லு."

"அண்ணாச்சி, கஞ்சி ஆறுதாம்" என்பாள் கிளாடிஸ், வேலிக்கு அந்தப் பக்கம் மீன் அலசிக்கொண்டே.

எல்லாம் மணப்பாட்டில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் வந்த வினை. கள் உள்ளே போனதும் ரோச் பந்தியில் எழுந்து நின்று, "நான் பொண்ணு பாக்கப் போனது இவ தங்கச்சி பிளாரன்ஸைத்தான். மாமனார் மூத்தவள என் தலையில கட்டிட்டாரு" என்று சொல்லிவிட்டான். பந்தியே சிரித்தது. பிளாரன்ஸும் சிரித்தாள். மெட்டில்டாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமான தம்பதிகள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாக்குறுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று அறிவித்தார். அந்த வருஷம் ஊரில் அப்படி இருந்தது இவர்கள் ஒரு ஜோடிதான். பேச்சுவார்த்தை இல்லாத சங்கதி ஊருக்கே தெரியும். சாமியாரிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிரசங்க நேரத்தில் வெளியே பீடி பிடிக்கிறவர்கள்கூட அன்று முன்னால் வந்து நின்றார்கள்.

"இவளை மறுபடியும் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?"

"ஏத்துக்கிடுதேன் சாமி" என்றான் ரோச்.

மெட்டில்டாவின் முறை வந்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சாமி, அவர்ட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க."

"பக்கத்தில்தானே நிற்கிறார்? நீயே கேளேன்."

"நாங்க பேசதில்ல சாமி."

"நான் வேணா கேக்கட்டா?" என்று பின்னாலிருந்து கிளாடிஸ் குரல் கொடுத்தாள். கோவிலே சிரிப்பில் குலுங்கியது. சாமியாருக்கு வியர்த்துவிட்டது.

"தங்கச்சியப் பாக்க வந்து அக்காளக் கட்டினவரு, இப்பம் யாருக்கு வாக்கு குடுக்காராம்?" என்று மெட்டில்டா சாமியாரிடமே கேட்டாள்.

சாமியார் ரோச்சைப் பார்த்தார். ரோச் தரையைப் பார்த்தான்.

"சாமி, பாக்கப் போனது பிளாரன்ஸைத்தான், அது நெசம். கால்ல மணலோட நடுவீட்டுக்குள்ள போயிட்டேன். இவ வெளக்குமாத்தோட வந்து, 'ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? இப்பந்தான் பெருக்குனேன்'னு ஏசுனா. மாப்பிள்ளைன்னு அவளுக்குத் தெரியாது. வெளிய வந்து, 'ஏசுன பிள்ளையக் குடுங்க'ன்னு நாந்தான் கேட்டேன். மாமனாரு, 'நல்லா யோசிச்சுக்கிடும்'னு ரெண்டு தடவை சொன்னாரு."

மெட்டில்டாவுக்கு முகம் சுட்டது. அந்த ஏச்சை அவன் மறந்திருப்பான் என்று இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தவள் அவள். தன்னைக் கேட்டு வாங்கியா கட்டியிருக்கிறான்? சடாரென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் பந்தியில ஏன் அப்படிச் சொன்னீரு?"

"ஏச்சு கேட்டு மயங்கிட்டேன்னு நாலு ஆம்பிளைக்கு முன்னால எப்படிளா சொல்ல?"

"இப்பம் ஊருக்கு முன்னால சொல்லிட்டீரே!"

சாமியார் மெல்ல இருமினார். "அம்மா, சம்மதமா?"

"சம்மதம் சாமி. ஆனா ஏசத நிறுத்த மாட்டேன்."

"அதை நான் கேட்கவே இல்லை" என்று சொல்லி, அவள் மனசு மாறுவதற்குள் இருவர்மேலும் தீர்த்தத்தை அள்ளித் தெளித்தார் சாமியார்.