கேக்கில் ஏறிய வீட்டுப்பாடம்

கேக்கின் மேல் க்ரீமால் எழுதுவது அவள் வேலை. கடை தாய்மாமனுடையது. அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: கிளிப்பில் தொங்கும் சீட்டில் இருப்பதை அப்படியே எழுது, யோசிக்காதே.

யோசிக்காமல் எழுதி இரண்டு முறை மாட்டிக்கொண்டாள். ஒரு பிறந்தநாள் கேக்கில் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் ஏறியது. இன்னொன்றில், ‘நோ எக்ஸ்’, அதாவது முட்டை வேண்டாம்.

“மூணாவது தடவை நடந்துச்சு, அக்கா பொண்ணுன்னு பாக்க மாட்டேன். ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுப் போயிட்டே இரு” என்றார் மாமா.

எழுதுவது புரிந்தால் தப்பு வராதே என்று ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். அந்த வாரப் பாடம் ஷுட் ஹேவ், குட் ஹேவ், மஸ்ட் ஹேவ். செய்திருக்க வேண்டும், செய்திருக்கலாம், செய்திருப்பான். வீட்டுப்பாடம் பத்து வாக்கியம். கடைச் சீட்டுகளின் முதுகில், சீட்டுக்கு ஒன்றாக எழுதினாள். மறந்துவிடாமலிருக்க அதே கிளிப்பில் மாட்டினாள்.

பத்து மணிக்கு ஒரு நூலகர் வந்தார். கூட வேலை செய்த பெண்ணுக்கு மாற்றல். மதியம் வழியனுப்பு விழா. சீட்டில் நான்கு முறை அடித்து எழுதி, கடைசியில் ‘பெஸ்ட் விஷஸ்’ என்று முடித்தார்.

“ஏழு வருஷம், பக்கத்து மேஜை” என்றார், யாரும் கேட்காமலே.

பன்னிரண்டுக்கு, கேக் பெட்டியைத் திறந்து பார்க்காமலே வாங்கிப் போனார். பத்து நிமிடம் கழித்துக் கிளிப்பைப் பார்த்தாள். ‘பெஸ்ட் விஷஸ்’ அங்கேயே தொங்கியது. எழுதி முடித்த சீட்டுகளைக் குத்தும் ஆணியில் அவளுடைய ஏழாவது வாக்கியம்: ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் யூ லாங் அகோ. உன்னிடம் நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.



“க்ரீம் தீந்துபோச்சு மாமா, இதோ வந்துட்டேன்!” வரியைத் திருத்த, கையில் க்ரீம் கூம்பு ததும்பத் ததும்ப ஓடினாள்.

நூலகத்தில் பெட்டி திறந்திருந்தது. சுற்றிலும் எட்டுப் பேர். நூலகரின் முகம் பீட்ரூட்டாகியிருந்தது. மாற்றலாகிப் போகும் பெண் அந்த வரியை இரண்டாம் முறை படித்தார்.

“கேட்டிருக்கணும்தான். ஏழு வருஷமா பக்கத்துல உக்காந்து பேனா மட்டும்தான கேட்டீங்க?”

‘அமைதி காக்கவும்’ பலகைக்கு அடியில் எட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

“இப்ப கேக்கறேன்” என்றார் நூலகர்.

“மாற்றல் ஆர்டர் வந்தப்புறமா?”

“ரயில்ல மூணு மணி நேரம்தான். டைம்டேபிள் பாத்துட்டேன்.”

“எப்ப?”

“போன மாசம்.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள் அவள். வாசலில் அவளைக் கண்ட நூலகர் தலையை ஆட்டினார், வேண்டவே வேண்டாம் என்று. கத்தியை எடுத்தவரைத் தடுத்தார் அந்தப் பெண்.

“ஓரமா வெட்டுங்க. அந்த வரியைத் தொடாதீங்க.”

கால் தரையில் பாவாமல் திரும்பி வந்தாள். கடை வாசலில் மாமா. ஒரு கையில் ‘பெஸ்ட் விஷஸ்’ சீட்டு, மறு கையில் தொலைபேசி. மூன்று விரலைக் காட்டினார். அவள் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். தொலைபேசி அடித்தது.

“சொல்லுங்க லைப்ரரி சார்... கல்யாணக் கேக்கா? மூணு அடுக்கா? அடுத்த மாசமா? ...அந்தப் பொண்ணேதான் எழுதணுமா?”

தொலைபேசியை வைத்தார்.

“என்னடி எழுதித் தொலைச்ச?”

“‘எப்பவோ கேட்டிருக்கணும்’னு, மாமா.”

மாமா எதிர்க்கடையைப் பார்த்தார். பொத்தான் விற்கும் அம்மாள் சாப்பாடு முடிந்து கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மாமாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

“ஏப்ரனைக் கட்டு. உன் சீட்டையெல்லாம் கிளிப்புலேர்ந்து எடுத்துடு.” சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “அந்த ஏழாவது மட்டும் இருக்கட்டும்.”