ஜாடி துடைத்த துணி

பக்கத்து வீட்டு தூரிட் தன் வீட்டில் நடத்தும் விற்பனைக் கூட்டத்துக்குப் போனால் எதையாவது வாங்காமல் வெளியே வர முடியாது. வாஃபிளும் பழுப்புச் சீஸும் தின்றுவிட்டு வெறுங்கையோடு எழுந்துபோக அந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. இன்றைக்கு எதைத் தலையில் கட்டப்போகிறாளோ என்று இங்குன் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரிட் ஒரு நீலத் துணியை உதறிக் காட்டினாள். “சோப்பே வேண்டாம்டி. நெசவுக்குள்ளயே வெள்ளிப் பொடி இருக்கு, கண்ணுக்கே தெரியாது. ஈரத்தோட துடைச்சா கிருமி பூண்டோட போயிடும். இங்குன், போன வருஷம் நீ ஒரு கட்டு வாங்கினியே, சொல்லேன் இவங்ககிட்ட!”

இங்குன் கடித்த வாஃபிளைத் தட்டில் வைத்தாள். வாங்கியது வாஸ்தவம். வெள்ளி அது இது என்று தூரிட் அன்றைக்குப் பேசியதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? நூல் உதிராத நல்ல துணி என்று தன் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டதும் இங்குன்தான்.

அவள் ஆய்வே வெள்ளி நுண்துகளைப் பற்றியது. நாற்றம் அடிக்காத காலுறை என்று விற்கிறார்களே, அதைத் துவைக்கும்போது கழன்று ஓடும் வெள்ளி, தண்ணீரில் வாழும் உயிர்களை என்ன செய்கிறது என்று பார்ப்பது. அதற்காக நீர்த்தெள்ளு என்ற கடுகளவு உயிர்களை வளர்த்தார்கள். கண்ணாடி உடம்பு, உள்ளே இதயம் துடிப்பது வெளியே தெரியும். வெள்ளி கலந்த ஜாடியில் அவை சாகலாம். சுத்தத் தண்ணீர் ஜாடியில் சாகக்கூடாது. செத்தால் சோதனையே செல்லாது.

அவளிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஐவினுக்கு இரண்டு ஜாடியிலும் செத்தன. மறுபடி செய்தான், மறுபடியும் செத்தன. “ஒரு ஜாடியைச் சுத்தமா வச்சுக்கத் தெரியல, உனக்கு டாக்டர் பட்டம் ஒரு கேடா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். யாரும் குரலை உயர்த்தாத ஊரில் அது சுருக்கென்று தைத்தது. பனி உருகுவதற்குள் அவன் ஆராய்ச்சியை விட்டுவிட்டான். எந்த வாயால் அதைக் கேட்டோம் என்று இங்குனுக்கு இப்போது உடம்பே கூசியது.

மறுநாள் ஐவின் வேலை செய்யும் சால்மன் பண்ணைக்குக் காரை ஓட்டிப் போனாள். படகுத்துறையில் அவன் ரப்பர் உடுப்போடு தீனி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

“அட, இங்குன்! மீனையும் சோதிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?”

அவள் துணியை நீட்டினாள். “தப்பு உன்மேல இல்லப்பா. இதுல வெள்ளி இருந்திருக்கு. துடைக்கறப்போ ஜாடியில ஒட்டிக்கிட்டிருக்கு. நான்தான் கொண்டுவந்து போட்டேன். எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். நீ திரும்ப வந்துடு.”

“முடியாது இங்குன். இப்பல்லாம் வீட்டுல ஒரு கண்ணாடி டம்ளர்கூட வச்சுக்கறதில்ல.”

அவன் துணியை வாங்கி விரலால் நெருடினான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“நீங்க திட்டினீங்கல்ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜாடியையும் இதாலயே ரெண்டு தடவை துடைச்சேன்” என்றான். “அப்பவும் செத்துச்சா, மூணு தடவை துடைச்சேன்.”