நல்ல தண்ணீரில் எழுபத்தொன்று

ஆன்சி போய்ச் சேர்ந்தபோது பேச்சிமுத்து சட்டையைக் கழற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

சமயநல்லூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே எழும்பியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது. முந்நூறு வீடுகளின் கழிவும் பின்பக்கத்து ஆழமான தொட்டியில் வந்து விழும். அதற்குள் மூழ்கிக் கிடக்கும் பம்பு அதைச் சுத்திகரிக்கும் இடத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் ஐந்தாவது தடவையாக அது அடைத்துக்கொண்டது. அந்தப் பம்பை வடிவமைத்தவள் ஆன்சி. "ஜனங்க கண்டதையும் போடுறாங்கன்னு எழுதி, செக்ரட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துரும்மா" என்று சொல்லித்தான் பம்பு கம்பெனி முதலாளி உக்கிரபாண்டி அனுப்பியிருந்தார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் தனிஸ்லாஸ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சென்ட் போட்ட கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்.

"சார், இவரயா உள்ள இறக்கப்போறீங்க?"

"நாலு தடவையும் இவர்தாம்மா எறங்கினார். பழகுன ஆளு."

"உள்ள விஷவாயு இருக்கும். ஆள இறக்குறது சட்டப்படி குத்தம் சார்."

"தெரியும்மா. அதான் கேட்டச் சாத்திட்டோம்."

அந்தப் பதில் ஆன்சிக்குத் தொட்டியின் நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. பம்பைத் தூக்குவதற்கான சங்கிலி தொட்டி விளிம்பிலேயே மாட்டிக் கிடந்தது. மூன்று கால் இரும்புச் சட்டமான முக்காலியும், பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் கொண்டுவந்தால் மேலே இருந்தே தூக்கிவிடலாம். அதற்கு அலைய யாருக்கும் மனமில்லை. ஆள் கிடைப்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

"நான் எறங்குனா அரைமணி நேரத்துல முடிஞ்சிரும் மேடம்" என்றார் பேச்சிமுத்து.

"வேணாம்ணே. கயித்த அவுத்துருங்க."

மெயின் ரோட்டு வெல்டிங் பட்டறையிலிருந்து முக்காலி வந்துசேர இரண்டு மணி நேரமானது. கறுப்பாக ஒழுகிக்கொண்டு மேலே வந்த பம்பைக் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு ஆன்சியே போல்ட்டுகளைக் கழற்றினாள். உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லர் கண்ணுக்கே தெரியவில்லை. கந்தல் துணி, தலைமுடி, குழந்தைகளுக்குத் துடைக்கும் ஈரத்தாள், நாப்கின் எல்லாம் கயிறாகத் திரிந்து அதைச் சுற்றியிருந்தன. கத்தியால் அறுத்து அறுத்து இழுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"இறக்கைக்கு நடுவுல ரெண்டு வெரலுதான் போகும் மேடம்" என்று பேச்சிமுத்து வலது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. "இருட்டுல தடவித்தான் எடுக்கணும். பாழாப்போனவன் எவனோ இம்புட்டுச் சின்னதா வச்சிருக்கான்."

ஆன்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

முதலில் அவள் வரைந்தது இரண்டு இறக்கைகள். நடுவே கை முட்டி தாராளமாகப் போகும். 'போட்டிக்காரன் அறுபத்தெட்டு சதவீதத் திறன் குடுக்கிறான், அதுக்கு மேல வேணும்' என்றார் உக்கிரபாண்டி. மூன்றாவது இறக்கையைச் சேர்த்து வழியைக் குறுக்கினாள். கம்பெனிச் சோதனைத் தொட்டியில் எழுபத்தொன்று வந்தது. அன்று எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். அந்தத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவலாம், அவ்வளவு சுத்தம். சாக்கடையில் இது அடைக்குமே என்று அன்றே அவள் மனதில் பட்டது. பட்டதை அப்படியே தள்ளிவிட்டிருந்தாள்.

"அது நான்தாண்ணே" என்றாள்.

பேச்சிமுத்து அவளைப் பார்த்தார். சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் உக்கிரபாண்டியின் அறைக்குப் போனாள். அவர் சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பின்னால் தள்ளி வைத்து, கழிவு அதைத் தொடாமல் தண்ணீர்ச் சுழலிலேயே வெளியேறும்படி வரைந்த புதுப் படத்தை ஆன்சி மேஜைமேல் விரித்தாள்.

"திறன் எம்புட்டு?"

"ஐம்பத்திரண்டு."

"இத எவன்மா வாங்குவான்?"

"அடைச்சு நிக்கிற பம்புக்குத் திறன் பூஜ்யம் சார்."

"அடைச்சா எடுத்துவிட ஆளு இருக்கான்ல?" என்று அவர் விரலை நக்கினார்.

அந்த வாயைப் பார்க்கவே ஆன்சிக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு வருடமாக இவர் தட்டிக்கொடுத்தபோதெல்லாம் சிரித்திருக்கிறோமே என்று தன்மேலும் அருவருப்பு வந்தது. குறை பம்பில்தான் என்று குடியிருப்புக்குத் தானே கடிதம் எழுதப்போவதாகச் சொன்ன பிறகுதான் அவர் இறங்கிவந்தார். புதுப் பம்பு அங்கே போனது. இரண்டு மாதம் ஒரு தடவைகூட அடைக்கவில்லை. பழையதை உடைத்து உருக்கப் போட்டுவிட்டதாக உக்கிரபாண்டி சொன்னார். அவள் நம்பினாள்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் பேச்சிமுத்து போன் செய்தார்.

"மேடம், வாடிப்பட்டிப் பக்கம் கல்யாண மண்டபத்துல இருக்கேன். தொட்டில பம்பு அடைச்சிருச்சு. போன வாரந்தான் வாங்குனாகளாம். மாட்டும்போது எடுத்த போட்டோவக் காட்டுனாக, உங்க பழைய பம்புதான். நம்பர் தகட்டச் சொரண்டிட்டு மேல பச்சப் பெயிண்டு அடிச்சிருக்காக. என்னைய எறங்கச் சொல்றாக. எறங்கவா, வேணாமா?"

"எறங்காதீங்கண்ணே. வாரேன்."

அவள் போனபோது சுவருக்கு அந்தப்பக்கம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மல்லிகையும் சாம்பார் வாசமும் சாக்கடை நாற்றத்தோடு கலந்து வந்தன. வாடகைக்கு எடுத்து வந்த முக்காலியை நிறுத்தி, இருவரும் சங்கிலியை இழுத்துப் பம்பை மேலே கொண்டுவந்தார்கள். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் அதே மூன்று இறக்கைகள்.

உக்கிரபாண்டிக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

"ஓடுற சாமான உடைக்கச் சொல்றியா? உனக்கென்ன கிறுக்கா?" என்றார்.

ஆன்சி போனை வைத்தாள். அன்று மாலை வேலையை விட்டாள். அதே வடிவமைப்பில் செய்த பம்புகள் போன பதினோரு இடங்கள் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பதிவுத் தபால் அனுப்பினாள்: 'இதை வடிவமைத்தவள் நான். இது கழிவுநீருக்கு ஆகாது. அடைத்தால் ஆளை இறக்காதீர்கள், சங்கிலியால் தூக்குங்கள்.' கீழே முழுப் பெயரும் கைபேசி எண்ணும் எழுதினாள்.

"இனி உங்களுக்கு யாரு மேடம் வேல குடுப்பா?" என்று பேச்சிமுத்து கேட்டார்.

"தெரியலண்ணே."

நான்கு இடங்களில் பம்பை மாற்றினார்கள். இரண்டு இடங்களிலிருந்து நஷ்டஈடு கேட்டு அவளுக்கே வக்கீல் நோட்டீஸ் வந்தது. மீதி ஐந்து இடங்களுக்கும் திங்கட்கிழமைதோறும் அவள் போன் செய்கிறாள். மூன்று பேர் எடுப்பதே இல்லை.