மாசு மருவற்ற கடல்

வேன் கதவு படபடவென்று அதிர்ந்தது. விடிந்தும் விடியாத நேரம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கூடாரத்தைக் காற்று கிழித்துப் போட்டதால் தையல்காரியும் அவள் புருஷனும் வேனுக்குள்ளேயே சுருண்டு படுத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தால் மழைக்கோட்டில் ஒரு பெண். நேற்று மதியம் படகில் போன தம்பி இன்னும் கரை திரும்பவில்லையாம். சாயங்காலம் இவர்கள் பாறை மேட்டில் நின்று கடலைப் படம் பிடித்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதில் ஏதாவது படகு விழுந்திருக்கிறதா என்று கேட்டாள். மழை விட்டதும் தேடுகிற படகுகள் கிளம்பும். தம்பி எப்போதும் வலை போடுவது வடக்குப் பக்கம். அங்கேதான் போகப் போகிறார்கள். மறுபடி காற்று எழும்புவதற்குள் ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும்.

தையல்காரிக்கு மூடிய டப்பாவைக் கண்டாலே திறந்து பார்த்தாக வேண்டும். சும்மா இருப்பாளா? மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். திரையில் கடல் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. படகும் இல்லை, பறவையும் இல்லை.

"ஏங்க, ஒரு காக்கா கூடவா பறக்கல?"

புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். தெருவில் அவருக்குப் பெயர் பவுடர். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற எல்லோருடைய பருவையும் தழும்பையும் துடைத்து வழவழப்பாக்கித்தான் கொடுப்பார். ஒருவருடைய கன்னத்து மச்சத்தையே எடுத்துவிட, "இது உன் தம்பி படமா?" என்று கேட்டு அவரை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலண்டர் போட்டிக்காகக் கடலைப் படம் எடுக்க வந்த இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. புள்ளி புள்ளியாகத் தெரிந்ததையெல்லாம் நேற்றே துடைத்துவிட்டார். வேலை முடிந்ததும் கேமரா கார்டை அழிப்பது கடைப் பழக்கம். அதையும் தவறாமல் செய்திருந்தார்.

தூரத்தில் ஒரு புள்ளி இருந்தது நிஜம்தான் என்று மென்று விழுங்கினார். ஆனால் துடைத்தவை ஏகப்பட்டவை. படத்தின் நடுவே கடலில் நிற்கும் பிளந்த பாறைக்கு வடக்கிலா, தெற்கிலா? தலையில் அடித்துக்கொண்டாரே தவிர, ஞாபகம் வரவில்லை.

வந்தவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஈரக் கையைக் கோட்டில் துடைத்துத் துடைத்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரிக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு. துடைத்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்க வேண்டுமே, அதை எதை வைத்து அடைத்தார்? பக்கத்திலிருந்த அலையை எடுத்து ஒட்டியதாகச் சொன்னார்.

"அப்ப அந்த அலை ரெண்டு இடத்துல இருக்கணும்ல?"

பூப்போட்ட துணியில் ஒட்டுப் போட்ட இடம் அவள் கண்ணுக்குத் தப்பியதே இல்லை. படத்தைப் பெரிதாக்கி, தண்ணீரைக் கோடு கோடாகத் துழாவினாள். கரையோரம் ஒரு நுரை இரட்டையாக இருந்தது; அது பிளாஸ்டிக் பை கிடந்த இடம் என்றார் அவர். வானத்தில் ஒரே மேகத்துணுக்கு மூன்று முறை வந்தது. அது பறவைக் கூட்டம். மழைச் சத்தம் குறைந்தது. கீழே கரையில் படகு எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. வந்தவள் வாசலுக்கும் திரைக்குமாகத் தவித்தாள்.

பிளந்த பாறைக்குத் தெற்கே, கடல் வானத்தைத் தொடுகிற இடத்தில், நுனி மடிந்த ஓர் அலை. அதன் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று.

"இங்கதாங்க. அக்கா, தெக்குப் பக்கம் போகச் சொல்லுங்க."

வந்தவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

வெயில் சுள்ளென்று அடித்த பிறகு, எஞ்சின் செத்த படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்திருந்தாலும் தம்பி தன் காலாலேயே இறங்கினான். அக்காக்காரி அவன் முதுகில் ரெண்டு போட்டாள். பிறகு இந்தப் பக்கம் வந்து, தூசு என்று நினைத்துத் துடைத்திருப்பீர்கள், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணே என்று சமாதானம் வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

பவுடருக்குத் தலை நிமிரவில்லை. ஆபத்து விலகிய பிறகும் இவருக்கு ஏன் முகம் இப்படிச் செத்துக் கிடக்கிறது என்று தையல்காரிக்குப் புரியவில்லை. நிஜமாகவே தூசு என்றுதான் நினைத்தாரா என்று கேட்டாள்.

"லென்ஸை இழுத்துப் பார்த்தேன்மா. படகுல ஒரு ஆளு துண்டை வீசிட்டு நின்னாரு. டாட்டா காட்டறார்னு நெனச்சு, நானும் கையக் காட்டிட்டு வந்துட்டேன்."